நாலு மேசைக்கு ஒரு ஆள்

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தபோது கோணி ஊசியில் நூல் கோத்து ஒரு கோப்புக் கட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். தாள்களின் ஓரத்தை மேசையில் தட்டிச் சமமாக்கி, இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, ஊசியை உள்ளே செலுத்தி மறுபக்கம் இழுத்தார். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்த கையோடு அடுத்த கட்டை எடுத்தார். விரல் நுனிகள் ஊசி குத்திக் காய்த்துப்போயிருந்தன. மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றி விட்டிருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆளைப் பார்த்ததும் காலைப் பார்ப்பது என் தொழில் பழக்கம். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் குமாஸ்தாவுக்கு ஏன் இப்படி வீங்குகிறது என்று யோசித்தேன். கொஞ்ச நேரம் அங்கே இருந்ததில் விடை கிடைத்துவிட்டது. அவர் ஓரிடத்தில் நிலையாக உட்காரவே இல்லை.

அது நில வழக்குகளை விசாரிக்கும் வருவாய் நீதிமன்றம். நீதிமன்றம் என்றதும் உயரமான கூரையையும் கறுப்பு அங்கியையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு நீள அறை. அதற்குள் நாலு மேசை. ஒரு கோடியில் பலகை மேடை, அதன்மேல் அதிகாரியின் நாற்காலி. பின்னால் பழைய கோப்புகள் கூரை வரை அடுக்கிய இன்னொரு அறை. வெளியே தாழ்வாரத்தில் மரப் பெஞ்சுகள். பெஞ்சில் எப்போது பார்த்தாலும் ஜனம்; மேசைகளில் ஆள் கிடையாது.

முதல் மேசை மனு வாங்க. இரண்டாவது மேசை விசாரணை நாளில் கட்டை அதிகாரிமுன் வைத்து, நடந்ததைக் குறித்து, வாய்தா போட. மூன்றாவது மேசை பின் அறையிலிருந்து பழைய பதிவுகளைத் தேடி எடுத்துக் கொடுக்க. நாலாவது தட்டச்சுக்கு. இது போக, வாசலில் நின்று கட்சிக்காரர் பெயரைக் கூப்பிட ஒரு டவாலி வேண்டும். ஒருவர் ஓய்வு பெற்றார், அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. ஒருவர் மாற்றலாகிப் போனார், அங்கேயும் போடவில்லை. ஒருவர் செத்துப்போனார், அவர் இடத்துக்கு ஆள் வருகிறது என்று கடிதம் வந்தது, ஆள் வரவில்லை. டவாலி கோபித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். மிச்சம் இவர் ஒருவர்தான். பெஞ்சில் காத்திருப்பவர்கள் அவருக்கு நாலு மேசை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

அதிகாரிக்கும் இதே கதைதான். என் மகள் வயதுப் பெண். அவருக்கு மூன்று ஊர் நீதிமன்றம். இந்த ஊருக்கு வாரத்தில் ஒரு நாள். அந்த ஒரு நாளிலும் மேலிடத்தில் கூட்டம் போட்டுக் கூப்பிட்டுவிட்டால் வாய்தா. வந்தாலும் வெயில் சாய்ந்தபிறகுதான் வண்டி வரும்.

நான் அங்கே போனது என் சொந்த வழக்குக்காக அல்ல. படுக்கையில் விழுந்தவர்களை வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்வது என் வேலை. அதற்கென்று பயிற்சி எடுத்தவள், நர்ஸ் அல்ல. ஜனங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தேவையில்லை, நர்ஸம்மா என்றே கூப்பிட்டார்கள். அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு தச்சர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனவர். வழக்கு அவருடையது.

தச்சரும் அவருடைய அண்ணனும் ஒரே வளவில் இருந்தவர்கள். அவர்களுடைய அப்பா உயிரோடு இருந்தபோதே நிலத்தை வாய்ச்சொல்லாகப் பிரித்து நடுவில் கல் நட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு பாதியில் தச்சருடைய வீடும் பட்டறையும். பதிவேட்டில் மட்டும் முழு நிலத்துக்கும் மூத்தவரான அண்ணன் பெயரே நின்றது. அண்ணன் இருந்தவரை அது யாரையும் உறுத்தவில்லை. அண்ணன் போனார், அண்ணன் மகன் மரக்கடை வைத்தார், பலகை அடுக்க இடம் போதவில்லை, சித்தப்பாவின் பட்டறையும் என் அப்பா நிலம்தான் என்றார். தச்சர் தன் பாதிக்குத் தன் பெயரைப் பதியச் சொல்லி மனுப் போட்டார்.

கல்லை எங்கே நட்டார்கள், யார் யார் இருந்தார்கள் என்று சொல்லக்கூடிய வாய் உலகத்தில் ஒன்றுதான் பாக்கி இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்லும் மரக்கடைக்காரரின் பலகை அடுக்குக்குக் கீழே போய்விட்டது. வாய்தாமேல் வாய்தா வாங்கிக் காத்திருந்த காலத்தில் அந்த ஒரு வாய்க்கும் வாதம் வந்துவிட்டது.

பேச்சைத் திரும்பக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாயைக் குவிக்கச் சொல்லி, ஊதச் சொல்லி, நாக்கை இந்தக் கன்னத்திலும் அந்தக் கன்னத்திலும் முட்டச் சொல்லி, கரண்டிக் காம்பால் அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வந்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு காலையில் கறந்த பால் மாதிரி. வெயில் ஏற ஏறத் திரிந்துவிடும். விடிந்ததும் முகம் கழுவி வெந்நீர் குடித்தால் ஒவ்வொரு சொல்லும் மணிமணியாக வரும். மத்தியானத்துக்குமேல் குழறும். இன்னொரு தடவை வாதம் வந்தால் பேச்சு மொத்தமாகப் போய்விடும், அது என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தச்சரின் மகள் அச்சகத்தில் வேலை பார்த்தாள். அப்பாவுக்கு அவள் ஒருத்திதான். பட்டறை போனால் ஒட்டியிருக்கும் வீடும் போகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே எங்களுக்கு வேண்டியது தீர்ப்புகூட அல்ல. அந்த மனிதர் பேசும்போதே அவர் வாக்குமூலத்தை யாராவது எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கேட்டால் சின்ன விஷயம்.

அன்றைக்கு நாலு மேசை தையலை நிறுத்தி, எங்கள் கட்டைத் தேடிப் பிரித்துப் பார்த்துவிட்டு, வாக்குமூலம் எடுக்க முடியாது என்றார். பழைய அளவு வரைபடம் கட்டில் இல்லையாம். அது வந்தால்தான் விசாரணைக்கு நாள் வைக்க முடியும். பின் அறையிலிருந்து எடுத்து அனுப்பச் சொல்லி மூன்றாவது மேசைக்கு எழுதியாயிற்று, இன்னும் பதில் வரவில்லை என்றார்.

“மூணாவது மேசை யாரு சார்?” என்றேன்.

“நான்தாம்மா.”

“எழுதிக் கேட்டது?”

“ரெண்டாவது மேசை. அதுவும் நான்தான். ரெண்டு தடவை நினைவூட்டுக் கடிதமும் போட்டாச்சு.”

“உங்களுக்கு நீங்களேவா? பதில் போடாத ஆளை நேர்ல பார்த்து நாலு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?”

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. “கேட்டேம்மா. அவருக்கு நேரமே இல்லைங்கறாரு.”

இதைக் கேலிக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போக முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சோம்பேறியைத் திட்டலாம், லஞ்சம் கேட்பவனைப்பற்றிப் புகார் கொடுக்கலாம். இவர் இரண்டும் இல்லை. காலையில் முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பார், சாயங்காலம் கடைசி ஆளாகப் பூட்டுவார். சாவி அவரிடம் மட்டும்தான். லீவு போட்டால் கதவு திறக்காது என்பதால் லீவே போட்டதில்லை. தன் மகள் கல்யாணத்தன்றும் முதலில் வந்து கதவைத் திறந்து, பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் வாய்தா தேதி சொல்லி அனுப்பிவிட்டு, அதன்பிறகு மண்டபத்துக்குப் போனவர். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வரவேற்க ஆள் இல்லையே என்று முகம் சுளித்தார்களாம். அவருடைய மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டுக்குள் நுழையும்போதே எந்த மேசை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள், அதற்குத் தகுந்த மாதிரி பேசுகிறேன் என்பாராம். இதையும் அவரே சொல்லிக்கொண்டார்.

இளம் வயதில் அங்கே டவாலியாகத்தான் சேர்ந்திருக்கிறார். தொண்டை அப்படி. தாழ்வாரத்தைத் தாண்டித் தெரு முனையில் நிற்பவனுக்கும் தன் பெயர் கேட்கும். அப்புறம் பரீட்சை எழுதி எழுதி முதல் மேசைக்கு வந்தார், இரண்டாவதுக்கு வந்தார். மற்ற மேசைகள் தாமாகவே அவரிடம் வந்து சேர்ந்தன. வயதான காலத்தில் டவாலி வேலையும் திரும்பி வந்துவிட்டது. சுற்றிச் சுற்றிச் சேர்ந்த இடத்துக்கே வந்துவிட்டேன், இடையில் தலைமுடி மட்டும் போய்விட்டது என்பார்.

அவருடைய மேசைப் பைத்தியத்துக்கும் காரணம் இருந்தது. வேறு ஒரு ஊரில் இவரைப்போலவே தனியாக மாட்டிக்கொண்ட ஒரு குமாஸ்தா, கேட்பவனும் நான் கொடுப்பவனும் நான், கடிதம் எதற்கு என்று பதிவை நேராக எடுத்துக் கட்டில் வைத்துவிட்டாராம். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது, இந்தக் காகிதம் எந்த வழியாக வந்தது என்று கேட்டு, தீர்ப்பையே ரத்து செய்துவிட்டார்கள். ஜெயித்த விவசாயி மறுபடி முதலிலிருந்து நடக்க ஆரம்பித்தார். அதைப்பற்றி வந்த சுற்றறிக்கையை நாலு மேசை சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மேசையிலும் அந்த மேசை ஆளாகவே இருப்பது என்று வைத்துக்கொண்டார். ஒரு மேசையில் முழுக் கையெழுத்து, ஒரு மேசையில் சுருக்கக் கையெழுத்து. முதல் மேசையில் நிற்கும்போது மூன்றாவது மேசை விஷயத்தைக் கேட்டால் சொல்ல மாட்டார். அங்கே வாங்க என்று கூட்டிக்கொண்டு போய், அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இப்ப சொல்லுங்க என்பார். பெஞ்சுக்காரர்கள் சிரிப்பார்கள். தன் வழக்கு வராதவர்களுக்கு அது நல்ல வேடிக்கை.

எனக்கு வேடிக்கை பார்க்க நேரம் இல்லை. வரைபடம் கிடைக்கும்வரை இந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்று மூன்றாவது மேசைக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அவர் ஏணியைச் சாத்தினார், நான் பிடித்துக்கொண்டேன். தூசியில் தும்மித் தும்மி வரைபடத்தை எடுத்து வந்தார். மூன்றாவது மேசையில் உட்கார்ந்து, கேட்ட பதிவு இத்துடன் அனுப்பப்படுகிறது என்று எழுதினார். எழுந்துபோய் இரண்டாவது மேசையில் உட்கார்ந்து, பெற்றுக்கொண்டேன் என்று முத்திரை குத்தினார். கை நீட்டினால் எட்டும் தூரம். அதைக் கடக்க அந்தக் காகிதத்துக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆகியிருந்தது.

விசாரணைக்கு நாள் வைத்தார். அந்த நாளும் வந்தது.

தச்சரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, மகளும் நானும் காலையிலேயே போய்விட்டோம். தாழ்வாரத்தில் எள் போட்டால் கீழே விழாது. தெரிந்தவர்கள் சும்மா இருக்கிறார்களா? எப்படி இருக்கீங்க, கை வருதா, பேச்சு வந்திருச்சாமே, ஏதாவது பேசுங்க பார்ப்போம் என்று சுற்றி நின்றுகொண்டார்கள். அவரும் ஆசையாகப் பேச ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து வைத்த பேச்சு அது. அதை நலம் விசாரிக்க வந்தவர்களிடம் இறைத்துவிட்டால் அதிகாரி வரும்போது என்ன இருக்கும்? எல்லாரையும் விரட்டிவிட்டு நாலு மேசையிடம் போய், அதிகாரி வரும்வரை பேசாமல் படுத்திருக்க ஒரு இடம் கேட்டேன்.

அப்போது அவர் மூன்றாவது மேசையில் இருந்தார். பின் அறையைத் திறந்து, நீளப் பலகையில் கிடந்த கட்டுகளை இறக்கி, பழைய திரைச்சீலையை மடித்து விரித்தார். நாற்காலியை வாசற்படியில் ஏற்ற இன்னொரு கை வேண்டியிருந்தது. பெஞ்சில் இருந்த மரக்கடைக்காரர்தான் வந்து பிடித்தார். வழக்கு வேறு, சித்தப்பா வேறு என்று அவரே சொல்லிக்கொண்டார். தச்சரைப் படுக்க வைத்துவிட்டு நாலு மேசை குனிந்து, “பெரியவரே, நிம்மதியா படுங்க. உங்க முறை வந்ததும் நானே வந்து எழுப்புறேன்,” என்றார். தூசி வரக்கூடாது என்று கதவையும் சாத்திவிட்டுப் போனார்.

வெயில் சாய்ந்து வண்டி வந்தது. அதிகாரியம்மா ஏறி உட்கார்ந்ததும் அவசரம் ஆரம்பித்தது. எங்கள் கட்டைப் பார்த்த முதல் மேசை, அடையாளச் சீட்டின் நகல் ஒன்று குறைகிறது என்று கண்டுபிடித்து மகளைக் கடைத்தெருவுக்கு அனுப்பியது. இந்த நேரம் பார்த்துத் தச்சர் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றார். பாத்திரத்தை வைத்து எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் கட்டடத்தின் பின்பக்கம் போனேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. கை பம்பு வரை நடக்க வேண்டியதாயிற்று.

அந்த நேரத்தில்தான் கூப்பிட்டிருக்கிறார்.

கூப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. வாசல் நிலையில் நின்று, தாழ்வாரத்தைப் பார்த்து, மூன்று தடவை. மூன்றாவதுக்கும் யாரும் எழுந்து வராவிட்டால் ஆள் வரவில்லை என்று பொருள். நாலு மேசை வாசலுக்குப் போனார். தாழ்வாரத்தைப் பார்த்தார். தன் தொண்டை முழுவதையும் போட்டு மூன்று தடவை கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. திரும்பி இரண்டாவது மேசைக்கு வந்து, மனுதாரர் வரவில்லை என்று எழுதினார். கட்டை அதிகாரிமுன் வைத்தார். தள்ளுபடி என்று ஒரு கையெழுத்து. அடுத்த வழக்கு.

நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்து சேர்ந்தபோது வண்டி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அதிகாரியை மேலிடத்தில் கூப்பிட்டுவிட்டார்களாம். எங்கள் முறை எப்போது என்று கேட்டேன். முடிந்துவிட்டதே, யாரும் வரவில்லையே என்றார் நாலு மேசை. சொன்னவர், சொல்லி முடிப்பதற்குள் பின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

இரண்டு பேரும் உள்ளே ஓடினோம். தச்சர் விழித்துத்தான் இருந்தார். இடது கையால் பலகை விளிம்பைப் பிடித்துப் பாதி எழுந்த நிலையில், வியர்த்துப்போய்க் கிடந்தார்.

“கூப்ட்டது கேட்டுச்சு,” என்றார். நாக்கு தடித்துவிட்டிருந்தது, ஒவ்வொரு சொல்லாக உருட்டித் தள்ளினார். “இருக்கேன்னு சொன்னேன். மூணு தடவையும் சொன்னேன்.”

சாத்திய கதவைத் தாண்டி அந்தக் குரல் எப்படிப் போகும்? போகவில்லை.

இதற்குள் மகளும் நகலோடு வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவள் நாலு மேசையிடம் பேசவில்லை. நேராக மரக்கடைக்காரரிடம் போனாள். அவர் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணா, அப்பா உள்ள இருக்கறது உனக்குத் தெரியும்ல? நீதானே தூக்கிவிட்டே?”

“தெரியும்.”

“அப்ப கூப்பிடறப்ப ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“என்னையா கூப்பிட்டாங்க? சித்தப்பாவைத்தானே கூப்பிட்டாங்க.” அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சட்டப்படி அதில் தப்பே கிடையாது.

தள்ளுபடியை எப்படி மாற்றுவது என்று நாலு மேசையைக் கேட்டேன். அவர் நின்ற இடத்திலேயே ஒப்பிக்க ஆரம்பித்தார். வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி முதல் மேசையில் மனு. அது இரண்டாவது மேசைக்குப் போகும். அங்கிருந்து எதிர்க்கட்சிக்கு அறிவிப்பு. அறிவிப்பை நாலாவது மேசை தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு ஆள் இல்லாததால் வரிசைப்படிதான். வரிசை போன மழைக்காலத்தில் நிற்கிறது. அப்புறம் ஆட்சேபம், அப்புறம் வாய்தா. சொல்லிக்கொண்டே போனார். பொறுமைதான் என் தொழிலுக்கு முதல் தகுதி என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்கு அது தீர்ந்துபோயிற்று.

“தம்பி,” என்றேன். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தேன். “படுக்க வெச்ச ஆளும் நீங்க. வரலைன்னு எழுதின ஆளும் நீங்க. ரெண்டு பேரும் ஒரே சட்டைக்குள்ள இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசிக்க மாட்டீங்களா?”

“கூப்பிடறப்ப நான் தாழ்வாரத்தைத்தாம்மா பார்ப்பேன்,” என்றார் மெதுவாக. “சேர்ந்த நாள்லேர்ந்து அப்படித்தான். உள்ளே திரும்பிப் பார்த்ததே இல்லை.”

போய் உட்கார்ந்தார். எந்த மேசையிலும் இல்லை. தாழ்வாரத்தில், கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில். கொஞ்ச நேரம் தன் வீங்கின காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார். மனுதாரர் காலையிலிருந்தே வந்திருந்தார், நோயாளி என்பதால் அவரைப் பின் அறையில் படுக்க வைத்தவன் நான், வந்து எழுப்புகிறேன் என்று சொன்னவனும் நான், எழுப்பாமல் வரவில்லை என்று எழுதியவனும் நான், தவறு என்னுடையது. கீழே முழுக் கையெழுத்துப் போட்டார். மேசைப் பெயர் எதுவும் போடவில்லை.

அந்தத் தாள் மேலே போனால் விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வரும். ஓய்வு பெறப் போகிற நேரத்தில் அது நல்லதல்ல என்பது எனக்குத் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. எழுத வேண்டியதை எழுதினார்.

தள்ளுபடி உத்தரவு இன்னும் வெளியே போகவில்லை, அதற்குமுன் அதிகாரி நினைத்தால் தன் கையெழுத்தைத் தானே அடிக்கலாம் என்றார். மறுநாள் அதிகாரியம்மாவுக்கு அடுத்த ஊர் நீதிமன்றம். வண்டி தச்சர் வீட்டுத் தெருமுனை வழியாகத்தான் போக வேண்டும்.

“பெரியவருக்கு எப்பம்மா பேச்சு நல்லா வரும்?”

“விடிஞ்சு, முகம் கழுவி, வெந்நீர் குடிச்சதும்.”

“அப்ப தயாரா வெச்சிருங்க. நாளைக்கு யாரையும் பேச்சுக் கொடுக்க விடாதீங்க.”

பிறகு மரக்கடைக்காரரைக் கூப்பிட்டு, மறுநாள் காலை வழக்கு நிலத்திலேயே, அதிகாரி வந்தால் விசாரணை என்று கையாலேயே ஓர் அறிவிப்பு எழுதி நீட்டினார். மரக்கடைக்காரர் அதை வாங்கக் கையை நீட்டவில்லை. தள்ளுபடி உத்தரவின் நகலுக்காகத்தான் அவர் காத்திருந்தாராம். அதைக் கொடுங்கள், போகிறேன் என்றார்.

“நகல் நாலாவது மேசை,” என்றார் நாலு மேசை. “தட்டச்சுக்கு ஆள் இல்லை. வரிசைப்படி வரும்.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மரக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டு அறிவிப்பை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் விடிந்ததும் தச்சரை எழுப்பி, முகம் கழுவி, வெந்நீர் கொடுத்து, வாய்க்கு உண்டான பயிற்சிகளைச் செய்ய வைத்தேன். மகள் வாசலில் நின்று, பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். நாலு மேசை அதற்கு முன்பே வந்து தெருமுனையில் நின்றுவிட்டார். ஒரு கையில் எங்கள் கட்டு, ஒரு கையில் அந்தத் தாள். அதிகாரியின் வண்டி திரும்பியபோது நடுச் சாலையில் போய் நின்றிருக்கிறார். ஓட்டுநர் திட்டினாராம். அதிகாரியம்மா இறங்கித் தாளைப் படித்து, அவரும் திட்டினாராம். இரண்டு திட்டையும் வாங்கிக்கொண்டு, கூடவே அதிகாரியையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அந்த அம்மா நாற்காலி கேட்கவில்லை. பட்டறையில் இழைப்புளி வைக்கும் பலகையில் உட்கார்ந்துவிட்டார். மரக்கடைக்காரரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். நேற்றுப் போட்ட கையெழுத்தை அதிகாரி முதலில் அடித்துத் தேதி போட்டார். நாலு மேசை தரையில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்து, பேனாவைத் திறந்தார்.

“சொல்லுங்க பெரியவரே,” என்றார் அதிகாரி.

தச்சர் சொன்னார். “எங்கப்பா கல்லு நட்டாரு. குழி தோண்டினது அண்ணன். மண்ணைத் தள்ளினது நான். கல்லை வெக்கறதுக்கு முன்னாடி குழியில அடுப்புக் கரி ஒரு கூடை கொட்டினோம். கல்லை எவனாவது பிடுங்கினாலும் கரி மக்காது, அது சாட்சி சொல்லும்னு அப்பா சொன்னாரு.” கல் இருக்கும் இடத்தை இடது கையால் காட்டினார். பலகை அடுக்கின் வடக்கு ஓரம். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

ஏதாவது கேட்க வேண்டுமா என்று அதிகாரி மரக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்றார். அப்படியானால் பலகைகளை எடுங்கள், தோண்டிப் பார்த்துவிடலாம் என்றார் அதிகாரி. அத்தனை பலகையையும் நகர்த்த ஆள் வேண்டுமே, என்னிடம் ஆள் இல்லையே என்றார் மரக்கடைக்காரர்.

அதிகாரியம்மா நாலு மேசையைப் பார்த்தார். நாலு மேசை கட்டைப் பார்த்தார். தோண்டி அளக்க அளவையாளர் வர வேண்டும். அளவையாளர் இடமும் காலியாகத்தான் இருந்தது. ஆள் போட்டதும் அளக்கவும், அதுவரை பட்டறையை யாரும் தொடக்கூடாது என்று அதிகாரி எழுதச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என்ன செய்ய? எழுதினதைப் படித்துக் காட்டினார்கள். தச்சரின் இடது கட்டைவிரலில் மையைத் தடவித் தாளில் அழுத்தினேன். விரலை நானேதான் துடைத்துவிட்டேன். இனி அவருடைய நாக்கு போனாலும் அவருடைய சொல் கட்டுக்குள் இருக்கும். பட்டறையும் அதுவரை நிற்கும்.

வண்டி போனபிறகுதான் நாலு மேசைக்கு நினைவு வந்தது. இடுப்பைத் தடவினார். சாவி அவரிடம் இருந்தது. நீதிமன்றக் கதவு இன்னும் திறக்கவில்லை. கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த வீங்கின காலோடு ஓட்டமும் நடையுமாகப் போனார். வாக்குமூலத்தின் நகலுக்கு மனுக் கொடுக்க மகளும் பின்னாலேயே போனாள். திரும்பி வந்து அவள்தான் சொன்னாள்: தாழ்வாரம் நிறைய ஆள் வெளியே நின்று வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்களாம். நாலு மேசை பூட்டைத் திறந்தாராம். வாசலில் நின்று முதல் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தவர், நிறுத்திக்கொண்டு, விறுவிறுவென்று உள்ளே போய்ப் பின் அறைக் கதவைத் திறந்து பார்த்தாராம். யாரும் இல்லை. அதன்பிறகு திரும்பி வந்துதான் கூப்பிட ஆரம்பித்தாராம்.